ஐம்பத்தாறு அங்குலம்

விளம்பரத்தில் அது சிவப்பு.
நேரில் பார்த்தால்
தட்டில் காய்ந்துபோன தக்காளிச் சாஸ்.

கறுப்பு எடுக்கலாமே என்கிறான் வென்டல்,
கறுப்பில் கிரீஸ் தெரியாதாம்.
தெரியட்டும் என்கிறேன்.
அழுக்கு எங்கே இருக்கிறதென்று தெரியாத பட்டறையில்
எனக்குக் கை ஓடாது.

யார்க்டனில் இந்தக் கடைக்கு
மூன்றாவது சனிக்கிழமையாக வருகிறோம்.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
வண்டியை அணைக்காமல் விட்டு வந்திருக்கிறோம்,
நின்று யோசித்தால்
யோசனைக்கும் சேர்த்து டீசல் எரியும்.

என் பழைய பெட்டி நாற்பத்திரண்டு அங்குலம்.
பதினோரு வருடம் அது போதுமாக இருந்தது,
விரலுக்கேற்ற வீக்கம்.
பிறகு அக்டோபரில்
கனோராவில் டிராக்டர் கம்பெனி கிளையை மூடினார்கள்.
இவன் வந்து சேர்ந்தான்,
ஏழு பெயின்ட் வாளிகளில்
இருபது வருடத்தைத் தூக்கிக்கொண்டு.

வாளிக்குள்ளிருந்து ஸ்பானர் எடுப்பவனை
நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?
முழங்கை வரை விட்டுத் துழாவுவான்.
முகம் மட்டும் எங்கோ ஜன்னலைப் பார்த்திருக்கும்,
கலங்கல் குட்டையில் கையால் மீன் பிடிப்பவன் மாதிரி.
பெரும்பாலும் சரியானதே வரும்.
வராத அன்று
என் இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்கும்.
கீச்சென்று ஒரு இழு,
டங்கென்று ஒரு அடி.

அந்தச் சத்தத்துக்காகத்தான்
இத்தனை சனிக்கிழமைகள்.

என் கருவிகளில் மகளின் நெயில் பாலிஷ்,
ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு.
அவனுடையதில் பச்சை டேப், பாதி உரிந்தது.
இரண்டு சின்னப் பெட்டியா, ஒரு பெரியதா
என்று மாதக்கணக்கில் பேசியிருக்கிறோம்.
ஹீட்டருக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே
சுவரை நான் அளந்துவிட்டேன்: ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தாறு வைத்தால்
மிச்சத்தில் ஒரு துடைப்பம் நிற்கும், சாய்வாக.
அவன் கண்ணோ எழுபத்திரண்டின் மேல்.
சுவரை இடிக்கலாம் என்று சொல்லவில்லை,
ஆனால் சுவரைப் பற்றி நிறைய விசாரித்தான்.

விற்பனைப் பையனின் சட்டையில் பிராடி என்று பெயர்.
ஒரு இழுப்பறை நூற்றிருபது பவுண்டு தாங்கும் என்றான்.
வென்டல் இழுத்து, முழங்கை ஊன்றி,
மெல்ல மெல்லத் தன் எடையை அதற்குக் கொடுத்தான்.
தாங்கியது.
ஆயுளுக்கும் உத்தரவாதம் என்றான் பையன்.
யாருடைய ஆயுளுக்கு என்றான் வென்டல்.
பையன் ஒரு தாளைத் தேடிப் போனான்.

பணம் கட்டியது நான்.
சாவி இரண்டும் வென்டலின் உள்ளங்கையில் வைக்கப்பட்டன.
அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இரண்டையும் என் கோட்டுப் பைக்குள் போட்டான்.
பாதி வழியில், மெல்வில் திருப்பம் தாண்டி,
ஒன்றை எடுத்து டாஷ்போர்டில் வைத்தேன்.
பனி அடித்துக்கொண்டிருந்தது.
வீடு வரும்வரை அது
ஒவ்வொரு குழிக்கும் குதித்தது.

இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு,
நடு இழுப்பறைக்கு இன்னும் பஞ்சாயத்து.
அடுக்கிப் பார்த்ததில்
பதிமூன்று எம்.எம். ஸ்பானர் ஒன்பது.
பத்து எம்.எம். சாக்கெட் ஒன்றுகூட இல்லை.
உலகத்தில் யாரிடமும் இல்லை என்றான்.

நல்ல பெட்டி.
பட்டுப்போல ஓடி
கடைசி அங்குலத்தில் தானே மூடிக்கொள்கிறது.
சத்தமே இல்லை.
யார் எதை எடுக்கிறார்களென்று
இப்போது எனக்குத் தெரிவதில்லை.
விதைப்பு மெஷினுக்கு அடியில் படுத்தபடி
சில நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்,
வேலையை விட்டுவிட்டு.

ஆறு வாளிகளைக் குப்பைமேட்டுக்கு அனுப்பினான்.
ஏழாவது பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது.
அது சும்மா என்கிறான்.

செவ்வாய்க்கிழமை, நான் இல்லையென்று நினைத்து,
முழங்கை வரை விட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கை மேலே வந்தது.
பத்து எம்.எம்.
அதன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு.

வென்டல் அதைப் பார்த்தான்.
சட்டையில் துடைத்தான்.
நடு இழுப்பறையில் வைத்து
மூடும்வரை நின்றான்.